தாயும் மறியும்: வனவிலங்குப் புகைப்படத்தில் தூரத்தின் பயன்

வனவிலங்குகளின் வாழ்க்கையை ஆராய்வோருக்குப் புகைப்படம் இன்றியமையாத சாதனமாகிவிட்டது. கண்டதை நினைவிலிருந்து எழுதும் குறிப்பு நாளடைவில் மங்கக்கூடும். ஒருவர் கண்டதை மற்றொருவர் சரிபார்ப்பதும் கடினம். தேதியும் இடமும் குறித்து வைக்கப்பட்ட படமோ பல ஆண்டுகள் சென்ற பின்னரும் சான்றாக நிற்கும். அவற்றுள்ளும் தாயும் குட்டியும் சேர்ந்திருக்கும் படத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஓர் இனம் ஓரிடத்துக்கு வந்து போகிறதா, அல்லது அங்கேயே இனப்பெருக்கம் செய்து நிலைபெற்றிருக்கிறதா என்ற கேள்விக்கு அத்தகைய படமே நேரான விடையாகும். குட்டி ஏறக்குறைய எந்த மாதத்தில் பிறந்தது, தாயின் உடல்நிலை எவ்வாறுள்ளது என்பனவற்றையும் அதிலிருந்து ஊகித்தறியலாம்.

ஆயினும் மனிதனுடைய அருகாமை ஒரு விலங்குக்கு மிகுந்த தீங்கு விளைவிக்கக்கூடிய காலமும் அது குட்டியுடன் இருக்கும் காலமே. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றும், நல்ல படம் வேண்டுமாயின் சிறிது தொந்தரவு தவிர்க்க முடியாதது என்றும் பலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியன்று. குட்டிக்குத் தீங்கு நேராத தூரம் எதுவோ, அதுவே பெரும்பாலும் விஞ்ஞானப் பதிவுக்கும் ஏற்ற தூரமாகும். இதனைக் கோலார் தங்கவயல் வட்டாரத்து விலங்குகளை உதாரணமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலின் வெளிமான்கள்

கோலார் தங்கவயலில் நவீன முறைச் சுரங்கத் தொழில் 1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் கம்பெனியாரால் தொடங்கப்பட்டது. தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர்களின் உழைப்பினால் சாம்பியன் ரீப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட மண், சயனைட் மேடுகள் என்ற பெயருடன் இன்றும் குன்றுகளைப்போல் நிற்கிறது. நகரத்தைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில் உழப்படாத வெளிகளும், குட்டையான புல்லும், முட்புதர்களும் காணப்படுகின்றன.

இத்தகைய திறந்த வெளிகளில் வாழ்வது வெளிமான். ஆன்டிலோப் செர்விகாப்ரா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அடர்ந்த காட்டை அது விரும்புவதில்லை. பார்வைக்குத் தடையற்ற புல்வெளியும், ஆபத்து நேரின் ஓடுவதற்குப் போதிய இடமுமே அதன் பாதுகாப்பு. முதிர்ந்த ஆண், முதுகில் கருமை படர்ந்த தோலும் திருகிய நீண்ட கொம்புகளும் உடையது. பெண் வெளிர்ந்த பழுப்பு நிறமுடையது. அதற்குப் பெரும்பாலும் கொம்பு இல்லை. பழந்தமிழில் இவ்விலங்கு இரலை என்றும் புல்வாய் என்றும் வழங்கப்பட்டது. தொல்காப்பியத்தின் மரபியல் இதன் பெண்ணுக்குப் பிணை என்றும் குட்டிக்கு மறி என்றும் பெயர் கூறுகிறது. இக்கட்டுரையிலும் அச்சொற்களையே கையாளுவோம்.

தங்கவயலின் வெளிமான்கள் சரணாலயத்தின் எல்லைக்குள் வாழ்பவை அல்ல. மனிதர்கள் நடக்கும் பாதைகளுக்கும், ஆடுமாடுகள் மேயும் நிலங்களுக்கும் அருகிலேயே அவை மேய்கின்றன. சென்னை கிண்டியிலும், கோடிக்கரையிலும், வல்லநாட்டிலும், தும்கூரு மாவட்டத்தின் ஜெயமங்கலி பாதுகாப்பு நிலத்திலும் வெளிமான்களைக் காணலாம். அவ்விடங்களில் வனத்துறையின் காவல் உண்டு. தங்கவயல் போன்ற இடங்களிலோ, கையில் செல்பேசி உள்ள எவரும் மந்தையை நெருங்கக்கூடும். ஆகவே, எவ்வாறு நெருங்கக் கூடாது என்பதைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு கள ஊழியர்களையும் ஆசிரியர்களையும் சார்ந்ததாகிறது.

மறி ஒளிந்திருப்பதன் காரணம்

குளம்புள்ள விலங்குகளின் குட்டிகளை, பிறந்தவுடன் அவை பிழைக்கும் முறையைக் கொண்டு, இரு வகையாகப் பிரிக்கலாம். யானை, எருமை போன்றவற்றின் கன்றுகள் பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து தாயைப் பின்தொடர்கின்றன. யானைக்குக் குளம்பு இல்லையெனினும் இவ்வகையில் அதனையும் சேர்ப்பது வழக்கம். மற்றொரு வகையைச் சேர்ந்த குட்டிகள் முதல் சில நாட்கள், சிலவற்றில் இரண்டொரு வாரங்கள்கூட, புல்லிலோ புதரடியிலோ அசையாமல் படுத்திருக்கின்றன. வெளிமானின் மறி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பிணை ஒருமுறைக்கு ஒரு மறியையே ஈனுகிறது. அதனைப் புல்லில் விட்டுச் சற்றுத் தொலைவுக்குச் சென்று மேயும். நாளில் சில தடவைகள் மட்டும் வந்து பாலூட்டும். பாலூட்டும்போது மறியை நக்கித் துப்புரவு செய்து, கழிவின் வாடை நிலத்தில் தங்காதபடி பார்த்துக்கொள்ளும். பாலூட்டி முடிந்ததும் மீண்டும் விலகிச் செல்லும். கவனக்குறைவினால் தாய் இவ்வாறு செய்கிறது என்று எண்ணலாகாது. வெட்டவெளியில் நிற்கும் பிணை நெடுந்தொலைவிலிருந்தே எதிரியின் கண்ணுக்குப் புலப்படும். அது எப்பொழுதும் மறியின் அருகில் நிற்குமாயின், மறி இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டும் அடையாளமாக அதுவே அமைந்துவிடும். ஆகவே விலகி நிற்பதே இங்குத் தாய்க்குரிய காவல் முறையாகும்.

மறியின் பங்கு அசையாதிருத்தல். ஆபத்து நெருங்கும்போது அது தலையையும் கழுத்தையும் நிலத்தோடு ஒட்டவைத்துக் கிடக்கும். வட அமெரிக்காவின் வெண்வால் மான் குட்டிகளில், இவ்வாறு பதுங்கும் வேளையில் இருதயத் துடிப்பின் வேகம் வெகுவாகக் குறைவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தறிந்துள்ளனர். எனவே, அசையாமல் கிடக்கும் குட்டியைக் கண்டு, "இது அஞ்சவில்லை, படம் எடுக்க ஒத்துழைக்கிறது" என்று முடிவு செய்வது பெருந்தவறு. அச்சத்தின் உச்சநிலையே அந்த அசைவின்மை.

அருகே சென்றால் நேர்வது யாது?

மறியின் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து படம் எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் அதனைத் தொடவில்லை. ஒலி எழுப்பவும் இல்லை. எனினும் மூன்று விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, பாலூட்டும் வேளை தவறுகிறது. மனிதன் அங்கிருக்கும் வரை பிணை அணுகாது. நாளில் சில தடவைகளே பால் பெறும் குட்டிக்கு ஒரு வேளை தவறுவதும் கணிசமான இழப்பாகும். ஒருவர் சென்றபின் மற்றொருவர் வருவாராயின் அவ்விழப்பு பெருகும்.

இரண்டாவது, எதிரிக்கு வழி திறக்கிறது. நரியும் தெருநாயும் மனிதர்களின் நடமாட்டத்தைக் கவனிப்பவை. ஊரை அடுத்த வெளிகளில் வெளிமான்களுக்குத் தெருநாய்க் கூட்டங்களே பெரும் பகையாக உள்ளன. புல்லில் மிதித்துச் சென்ற தடமும், அங்கே விட்டுவந்த உணவுத் துணுக்கின் வாடையும் நாயை மறியின் இடத்துக்கே இட்டுச் செல்லக்கூடும்.

மூன்றாவது, மறி தன் இடத்தைவிட்டு எழுந்து ஓடிவிடக்கூடும். பிறந்து சில நாட்களே ஆன மறி சிறிது தூரம் ஓடும். பின்னர் அறியாத இடத்தில் விழுந்து கிடக்கும். பிணை திரும்பி வந்து தேடுவது தான் விட்டுச் சென்ற இடத்தில்தான்.

இங்கே மற்றொரு தவறான எண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். தனித்துக் கிடக்கும் மறியைக் காணும் நல்லெண்ணமுடைய மக்கள், தாய் அதனைக் கைவிட்டுவிட்டது எனக் கருதி வீட்டுக்கு எடுத்துச் சென்று பசும்பால் புகட்டுகின்றனர். அவ்வாறு எடுக்கப்பட்ட குட்டிகள் பெரும்பாலும் மடிகின்றன. பிழைத்தவையும் காட்டு வாழ்க்கைக்குத் திரும்புவது அரிது. தனித்துக் கிடக்கும் மறி கைவிடப்பட்ட மறி அன்று. காயமோ, மொய்க்கும் ஈக்களோ, அருகில் தாயின் உடலோ காணப்பட்டாலன்றி அதனைத் தொடலாகாது. காணப்படின், செய்ய வேண்டியது வனத்துறைக்கு உடனே அறிவித்தலே. இதற்கு எதிர்ப்புறமாக, மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒருபோதும் சேர்க்காது என்று சொல்லப்படுவதும் மிகையானது. தவறாக எடுத்துவந்த குட்டியை விரைவில், எடுத்த இடத்திலேயே விட்டு மனிதர்கள் விலகினால் தாய் ஏற்றுக்கொள்வதுண்டு. இதனையும் வனத்துறையினரின் யோசனைப்படியே செய்தல் வேண்டும்.

தூரமும் படத்தின் அளவும்

தொலைவில் நின்றால் படம் சிறிதாகிவிடுமே என்ற கேள்வி எழலாம். இதற்கு விடை எளிய கணக்கில் உள்ளது. லென்சின் குவியத்தூரத்தைப் பொருளின் உயரத்தால் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்தால், பிலிமிலோ டிஜிட்டல் காமிராவின் உணர்தகட்டிலோ விழும் பிம்பத்தின் உயரம் கிடைக்கும்.

ஒரு பிணையின் தோளுயரத்தைக் கணக்கின் வசதிக்காக 75 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 50 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள சாதாரண லென்சில், 100 மீட்டர் தொலைவில் நிற்கும் பிணையின் பிம்பம் 0.4 மில்லிமீட்டர் உயரமே இருக்கும். 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்சில் அது 3 மில்லிமீட்டராகும். 35 மில்லிமீட்டர் பிலிமின் சட்டம் 24 மில்லிமீட்டர் உயரமுடையது. ஆகவே பிணை சட்டத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கை நிரப்பும். அதே அளவு உணர்தகடுள்ள 24 மெகாபிக்சல் காமிராவில் சட்டத்தின் உயரம் 4,000 புள்ளிகளைக் கொண்டது. அதில் எட்டில் ஒரு பங்கு 500 புள்ளிகள். மறியின் உயரம் தாயின் வயிற்றை எட்டுகிறதா, மார்பை எட்டுகிறதா என்று காண இது தாராளமாகப் போதும். சுவரில் மாட்டும் அழகுப் படத்துக்கு இது சிறிதாக இருக்கலாம், பதிவுக்குச் சிறிதன்று.

விலையுயர்ந்த லென்ஸ் இல்லாதவர்கள் இருகண் தொலைநோக்கியின் ஒரு கண்ணாடியில் செல்பேசியின் லென்சைப் பொருத்திப் படம் எடுக்கலாம். எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி, 100 மீட்டர் தொலைவில் உள்ளதை ஏறக்குறைய 12 மீட்டர் தொலைவில் உள்ளதுபோல் காட்டும். தொலைநோக்கியை ஒரு கம்பத்தின் மீதோ, மண் நிரப்பிய சிறு பையின் மீதோ அசையாமல் நிறுத்துவதே இதில் கவனிக்க வேண்டியது.

தொலைவிலிருந்து எடுத்தால் உண்மை அளவு

தூரத்தினால் விளையும் நன்மை இதனோடு முடிவதில்லை. தாய்க்கும் மறிக்கும் உள்ள அளவு விகிதத்தைப் படத்திலிருந்து அறிய விரும்பினால், அருகிலிருந்து எடுத்த படமே தவறான விடையைத் தரும்.

காமிராவிலிருந்து 10 மீட்டர் தொலைவில் பிணையும், அதற்கு முன்னே 8 மீட்டர் தொலைவில் மறியும் நிற்கின்றன என்போம். பிம்பத்தின் அளவு தூரத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், தாயுடன் ஒப்பிடுகையில் மறி உண்மையைவிட நூற்றுக்கு 25 பங்கு பெரியதாகத் தோன்றும். அதே இரு விலங்குகளும் அதே இடைவெளியுடன் 100 மீட்டரிலும் 98 மீட்டரிலும் நிற்குமாயின், பிழை நூற்றுக்கு 2 பங்கே. முதற்படத்தைக் காண்பவர் ஒரு மாத மறியை இரண்டு மாத மறி என மதிப்பிடக்கூடும். இரண்டாவது படத்தைக் காண்பவர் அவ்வாறு ஏமாற இடமில்லை.

தெளிவிலும் இதே நிலைதான். 400 மில்லிமீட்டர் லென்சை எட்டாம் எண் துவாரத்தில் வைத்து 25 மீட்டரில் குவித்தால், ஏறக்குறைய 2 மீட்டர் ஆழத்துக்குள் உள்ளவை மட்டுமே தெளிவாக இருக்கும். தாய் தெளிவாக இருந்தால் மறி மங்கும், மறி தெளிவாக இருந்தால் தாய் மங்கும். 100 மீட்டரில் குவித்தால் தெளிவின் ஆழம் ஏறக்குறைய 30 மீட்டராக விரிகிறது. இரண்டும் ஒருங்கே தெளிவாக அமையும்.

தூரத்தால் உண்டாகும் ஒரே இடையூறு கானல். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று பிம்பத்தை நடுங்கச் செய்யும். கோலார் மேட்டுநிலத்தில் காலை வேளையில், கதிரவன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டால் இக்குறை நேராது. அந்த வேளையில்தான் வெளிமான்கள் சுறுசுறுப்பாக மேய்கின்றன என்பதும் நமக்கு அனுகூலமே.

தாயின் குறிப்பறிதல்

எத்தனை மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும் என்பதற்குப் பொதுவான எண் எதுவும் இல்லை. விலங்கு மனிதனைக் கண்டு ஓடத்தொடங்கும் தூரத்தை ஓட்டத் தூரம் என்ற கருத்தால் விளக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர். அத்தூரம் இனத்துக்கு இனம் மட்டுமல்ல, இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறும். வேட்டைக்கு ஆளான மந்தையில் அது அதிகம். மறியுடன் உள்ள பிணைக்கு மேலும் அதிகம். ஆகவே அளவுநாடாவைவிடத் தாயின் நடத்தையே நம்பத்தக்க வழிகாட்டியாகும்.

மேய்ந்துகொண்டிருந்த பிணை தலையை உயர்த்தி நம்மை நோக்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். மீண்டும் தலை தாழ்த்தி மேய்ந்தால் அத்தூரத்தை அது ஏற்றுக்கொண்டது எனலாம். காதுகளை நம் பக்கம் திருப்பியபடி நின்றால், முன்காலால் தரையை உதைத்தால், அல்லது மந்தையில் ஒன்று செங்குத்தாகத் துள்ளினால் நாம் எல்லை கடந்துவிட்டோம் என்பது பொருள். அப்போது படம் எடுக்காமல் பின்வாங்குவதே முறை. மந்தையினின்று பிரிந்து, ஒரே இடத்தை அடிக்கடி நோக்கியவாறு தயங்கி நிற்கும் பிணையைக் கண்டால், அருகில் மறி கிடக்கிறது என்று கொள்க. அந்த இடத்தைத் தேடிச் செல்லலாகாது. மறி எழுந்து தாயுடன் நடமாடும் நாள் வரை காத்திருந்தால், நாம் விரும்பிய படம் தானாகவே கிடைக்கும்.

யானைக் கூட்டமும் கன்றும்

ஒளிந்திருக்கும் மறிக்கு நேர்மாறாக, தாயைத் தொடரும் கன்றுக்கு யானை சிறந்த உதாரணம். தங்கவயலுக்குத் தெற்கே காமசமுத்திரம் பக்கத்துக் காடுகள், தமிழ்நாட்டின் காடுகளோடும் ஆந்திரத்தின் கௌண்டின்ய சரணாலயத்தோடும் தொடர்புடையவை. நீண்ட காலம் யானைகள் இல்லாதிருந்த கௌண்டின்யப் பகுதிக்கு 1980களில் ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் சென்றன. அது முதல் இம்மூன்று மாநிலங்களின் எல்லையில் யானைக் கூட்டங்கள் நடமாடுகின்றன. இரவில் வயல்களில் இறங்குவதும் உண்டு.

யானைக் கூட்டம் வயலருகே பகலில் நின்றுவிட்டால் மக்கள் திரண்டு செல்பேசியால் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் கன்று இருக்கும்போது இது உயிருக்கே ஆபத்தானது. மூத்த பெண்யானையின் தலைமையில் இயங்கும் அக்கூட்டம், ஐயம் தோன்றியவுடன் கன்றுகளை நடுவில் வைத்து நெருங்கி நிற்கும். காதுகளை விரித்துத் தலையை உயர்த்தி நிற்பதும், துதிக்கையை நீட்டி மோப்பம் பிடிப்பதும் எச்சரிக்கைகள். எப்பக்கமும் மனிதர்கள் சூழ்ந்திருந்தால் அவற்றுக்கு வெளியேறும் வழி இல்லாமற் போகிறது. கள ஊழியர்கள் முதலில் செய்ய வேண்டியது, காட்டுப் பக்கத்தை முழுவதும் திறந்துவிட்டு மக்களை ஒரே பக்கத்தில் நிறுத்துவதாகும்.

பந்திப்பூர், நாகரஹொளே போன்ற இடங்களில் சபாரி வண்டிகளிலிருந்து படம் எடுப்போருக்கும் இவ்விதி பொருந்தும். யானைகள் பாதையைக் கடக்கும்போது முன்னே சென்ற தாய்க்கும் பின்னே வரும் கன்றுக்கும் இடையில் வண்டி நுழையலாகாது. ஒரு வண்டி நின்ற இடத்தில் மற்றவையும் வந்து குவிவதே பெருந்தீங்கு. கென்யா நாட்டின் மாசாய் மாராவில் சிவிங்கிப்புலிகளைப்பற்றி நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆராய்ச்சி இதனை எண்ணிக்கையால் காட்டியது. சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரி 0.2 குட்டிகளே தாயைப் பிரிந்து வாழும் பருவம் வரை பிழைத்தன. வண்டிகள் குறைந்த பகுதிகளில் அச்சராசரி 2.3 ஆக இருந்தது. அங்கு வந்தவர்களில் எவரும் குட்டிகளைக் கொல்ல எண்ணி வந்தவரல்லர். படம் எடுக்க வந்தவர்களே.

தென்னிந்தியாவில் யானைகளைப் புகைப்படத்தின் வாயிலாக ஆராய்ந்தவர்களுள் மா. கிருஷ்ணன் (1912–1996) குறிப்பிடத்தக்கவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், முதுமலைக் காடுகளில் பல ஆண்டுகள் யானைக் கூட்டங்களைத் தொடர்ந்து கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தார். 1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றார். பத்மஸ்ரீ விருதும் இவருக்கு அளிக்கப்பட்டது. ஒரு கூட்டத்தில் தாய் எது, கன்று எது, உடன் நிற்கும் மற்ற பெண்யானைகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பன போன்ற செய்திகளை, முகம் மட்டும் நிறைந்த அண்மைப் படம் தருவதில்லை. கூட்டம் முழுவதையும், அது நிற்கும் காட்டையும் சேர்த்துக் காட்டும் படமே தரும். கன்றின் வயதை மதிப்பிடவும் இதுவே உதவுகிறது. தாயின் வயிற்றுக்கடியில் எளிதாக நுழையக்கூடிய கன்று பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்டது என்பது களத்தில் கையாளப்படும் விதி. இவ்விதியைப் பயன்படுத்தத் தாயும் கன்றும் முழு உருவமாகப் பக்கவாட்டில் தெரிதல் வேண்டும்.

எடுக்கலாகாத படம்

எவ்வளவு எச்சரிக்கையுடனும் எடுக்கலாகாத படங்களும் உண்டு. கோலார் மாவட்டத்தின் அனுமனஹள்ளியில் ஒரு குகையில் வாழும் கோலார் இலைமூக்கு வௌவால் 1994இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. 200க்கும் குறைவான எண்ணிக்கையில் உள்ள இவ்வினம், மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது. கற்சுரங்க வேலை இதன் உறைவிடத்துக்குப் பெரும் அச்சுறுத்தல்.

இலைமூக்கு வௌவால்களின் குட்டி, பிறந்தபின் தாயின் உடலைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. குகைக்குள் விளக்கொளியோ பிளாஷ் ஒளியோ பாயும்போது தாய்கள் ஒருமிக்கக் கலைந்து பறக்கின்றன. அந்தக் குழப்பத்தில் குட்டிகள் தரையில் விழுந்து மடிய நேரிடும். புல்வெளியில் நாம் பின்வாங்கிவிடலாம். குகையில் தாய்க்குப் பின்வாங்க இடமில்லை. உலகில் வேறெங்கும் இருப்பதாக அறியப்படாத ஓர் இனத்தில், ஒருவருடைய ஆர்வத்துக்காக ஒரு குட்டியை இழப்பதும் பெரிய இழப்பே. ஆகவே ஈற்றுக் காலத்தில் குகைக்குள் எவரும் நுழையலாகாது. பறவைகளின் கூடுகளுக்கும் இதே விதி பொருந்தும்.

சட்டத்தின் நிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமானும் யானையும் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அச்சட்டத்தில் வேட்டை என்ற சொல்லின் பொருள் கொல்லுதலோடு நிற்பதில்லை. பிடித்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல் ஆகியவையும், அவற்றுக்கான முயற்சியும் அதில் அடங்கும். ஓடும் மந்தையைப் படம் எடுப்பதற்காக இருசக்கர வண்டியில் துரத்துவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். சரணாலயத்துக்குள் படம் எடுக்க முறையான அனுமதி தேவை. டிரோன் எனப்படும் பறக்கும் காமிராவின் ஒலியும் நிழலும் மந்தையைச் சிதறடிக்கக்கூடியவை. பிணை தன் மறியைவிட்டு ஓடுவதற்கு அது ஒன்றே போதும்.

களத்திலும் வகுப்பிலும்

கள ஊழியர்கள் ஒவ்வொரு படத்துடனும் சில குறிப்புகளை எழுதிவைத்தால் அதன் மதிப்பு பன்மடங்காகும். தேதி, நேரம், இடம், உத்தேசமான தூரம், மந்தையில் முதிர்ந்த ஆண், பிணை, மறி ஆகியவற்றின் எண்ணிக்கை, தாயுடன் ஒப்பிட மறியின் உயரம், நாம் வந்தபோதும் திரும்பியபோதும் மந்தை நடந்துகொண்ட விதம் ஆகியவை போதும். பிணைகளின் எண்ணிக்கைக்கு மறிகள் எத்தனை என்ற விகிதத்தை ஆண்டுதோறும் ஒரே மாதங்களில் குறித்துவந்தால், அவ்விடத்தில் இனம் வளர்கிறதா தேய்கிறதா என்பது புலனாகும். மறிகள் கிடக்கும் இடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடலாகாது. வனத்துறைக்கு மட்டுமே தெரிவிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் தூரத்தின் தன்மையைப் பள்ளி மைதானத்திலேயே செய்துகாட்டலாம். உயரமான மாணவர் ஒருவரைக் காமிராவிலிருந்து 10 மீட்டரிலும், குட்டையான மாணவர் ஒருவரை 8 மீட்டரிலும் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னர் அவர்களை அதே இடைவெளியுடன் 50 மீட்டரிலும் 48 மீட்டரிலும் நிறுத்தி மற்றொரு படம் எடுத்து, இரண்டிலும் அளவுகோலால் உயரங்களை அளக்கச் செய்யலாம். இருவரின் உண்மையான உயர விகிதத்துக்கு எப்படம் நெருங்கியது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அதன்பின், மறியின் அருகே ஏன் செல்லலாகாது என்று கூறினால், அது வெறும் உபதேசமாக அன்றிக் காரணத்துடன் கூடிய அறிவாக அவர்கள் மனத்தில் பதியும்.

தங்கவயலின் வெளியில் ஒரு பிணை தலை தாழ்த்தி மேய்ந்துகொண்டிருக்க, அதன் மறி பக்கத்தில் நின்று பால் குடிக்கும் படம் நமக்குக் கிடைக்குமாயின், மறியின் உயரத்தை மட்டுமன்றி, அதனை எடுத்தவர் நின்ற தூரம் சரியானது என்பதையும் அப்படமே கூறும். நாம் வந்துபோனதை அறியாத தாயின் படமே நம்பத்தக்க பதிவாகும்.